பெண்களுக்கு மட்டும் ஏன் ஒரு கிலோ?

எங்கள் தெரு ஜிம்மில் பெண்கள் பக்கம் வரிசையாக இளஞ்சிவப்பு டம்பெல்கள். எல்லாம் ஒரு கிலோ, இரண்டு கிலோ. எட்டு கிலோவில் கை வைத்தால் போதும், பயிற்சியாளர் ஓடி வருவார்: "உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம்?" நிரம்பிய பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரும், அதை இடுப்பில் வைத்து மாடி ஏறிய உடம்பு தம்பி இது.

எடையைப் படிப்படியாகக் கூட்டினால்தான் வலு கூடும். பத்துப் பன்னிரண்டு முறை தூக்கினால் கடைசி இரண்டு திணற வேண்டும். சீரியல் கதை பேசிக்கொண்டே ஐம்பது முறை ஆட்டுவது கைக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்புக்கும் பாரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சி செய்யச் சொல்கிறது. ஆண், பெண் என்று அதில் பிரிக்கவில்லை.

டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து, குதிகால் தரையில் பதிய, மெதுவாகக் குந்தி எழுங்கள். மூச்சை அடக்காதீர்கள். மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். ஜிம் நடத்துபவர்களே, ஐந்து கிலோவையும் எட்டு கிலோவையும் எங்கள் பக்கமும் வையுங்கள். நிறம் எதுவானாலும் சரி.