சோதனைத் தொட்டியில் உப்பைக் கரையுங்கள்

கடலடியில் தானாக ஓடும் ரோபோவின் பேட்டரி தீர்ந்தால், இன்றும் பெரும்பாலும் கப்பலுக்குத் தூக்கித்தான் சார்ஜ் செய்கிறார்கள். அந்தக் கப்பலுக்கு ஆகும் செலவே பெரிது. நீருக்குள்ளேயே செருகும் கனெக்டர்கள் உண்டு. ஆனால் விலை அதிகம், பின்களும் தேயும். ஆகவே இரண்டு காயில்களை எதிரெதிரே வைத்து, காந்தப்புலத்தின் வழியே மின்சாரம் ஊட்டும் முறை வளர்ந்து வருகிறது. ஆழ்கடல் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2021-இல் 4,077 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. கடலடிக் கருவிகள் பெருகும்போது இந்தத் தேவையும் பெருகும். அந்த வேலையைச் செய்யத் தகுதியான ஊர் கோவை என்று உறுதியாக நம்புகிறோம்.

காரணம், நாம் தயாரிக்கும் போர்வெல் மோட்டார். அதைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டேட்டர் வைண்டிங் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிறது. ஒயரின் மேலுள்ள பிவிசி உறை ஒன்றே அதற்குக் காவல். அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம். உள்ளே நிரப்பிய நீர் சூடாகி விரிந்தால் அது இடம் கொடுக்கும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகவே நிற்கும். ஆயிரம் அடி போரிலும் மோட்டார் நசுங்காமல் ஓடுவது இதனால்தான். ஆழ்கடல் கருவிகளில் எண்ணெய் நிரப்பி அழுத்தத்தைச் சமன் செய்வதும் இதே தத்துவம். 6,000 மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 600 பார் என்பதால் அங்கே கெடுபிடி அதிகம், அவ்வளவே.

நமக்குப் பழக்கமில்லாதது அதிர்வெண். நாம் 50 ஹெர்ட்ஸில் வளர்ந்தவர்கள். காயில் வழி சார்ஜிங்குக்கோ பல பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை வேண்டும். மெல்லிய காப்பிட்ட இழைகளை முறுக்கிய லிட்ஸ் ஒயரையும் ஃபெரைட் உள்ளகத்தையும் கையாளக் கற்க வேண்டும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மாறும் காந்தப்புலம் நீரிலேயே சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அதிர்வெண் இரட்டித்தால் அந்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். 100 கிலோஹெர்ட்ஸில் கடல்நீரின் ஊடுருவு ஆழம் சுமார் 80 சென்டிமீட்டர், 13.56 மெகாஹெர்ட்ஸில் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச நம் கடற்படை திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் மிகக் குறைந்த அதிர்வெண் நிலையம் அமைத்ததற்கும் இதே இயற்பியல்தான் காரணம். இன்னொன்று: நீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. காற்றில் டியூன் செய்த காயிலை நீரில் இறக்கியதும் ஒத்ததிர்வு நழுவும்.

ஆகவே சிறுவாணிக் குடிநீர் நிரப்பிய தொட்டியில் எடுத்த செயல்திறன் கணக்கைக் கடலுக்கான கணக்காகக் காட்டக் கூடாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரையுங்கள். காயில்களைச் சற்று விலக்கியும் சாய்த்தும் அளந்து பாருங்கள். நீரோட்டத்தில் எந்த ரோபோவும் நேர்த்தியாக வந்து அமராது. வைண்டிங் ஒயரை நீரில் ஊறவைத்து மெக்கரில் காப்புத்தடை பார்க்கும் நம் வழக்கத்தை, எபாக்சி ஊற்றிய லிட்ஸ் காயிலுக்கும் வாரக்கணக்கில் நீட்டுங்கள். உள்ளே சிக்கிய ஒரு காற்றுக் குமிழி போதும், அழுத்தத்தில் ஃபெரைட் விரிசல் விட.

பம்பு தயாரிப்பாளர்கள் தொட்டியையும் வைண்டர்களையும் தரட்டும். பொறியியல் கல்லூரிகள் இன்வெர்ட்டரோடு வரட்டும். இடைவெளி, அதிர்வெண், உப்பின் அளவு மூன்றையும் குறிப்பிட்டு முடிவுகளை எங்களுக்கு அனுப்புங்கள். தோல்வியில் முடிந்த சோதனைகளுக்கும் இந்த இதழில் பக்கம் உண்டு.