போதை மாத்திரையும் சேரி இளைஞரும்: சிகிச்சை எங்கே?

2023 மே மாதத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருங்கரணையிலும், அண்டையிலுள்ள மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இருளர்களும் மீனவர்களும் அவர்களில் அடங்குவர். கைதுகள் நடந்தன, இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்களில் குடிநோய்க்குச் சிகிச்சை தருவது யார் என்ற கேள்வி மட்டும் உரக்க எழவில்லை. ஓராண்டுக்குப் பின் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அதே வழியில் போயின.

இப்போது சாராயத்தோடு மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. கடும் வலிக்குத் தரப்படும் டேபென்டடால் போன்ற ஓபியாய்டு மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையிலும் புறநகரிலும் பரவியிருப்பதைக் காவல்துறையின் பறிமுதல் செய்திகளே காட்டுகின்றன. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் தலைமையேற்று நடத்திய, 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துகின்றனர். அவர்களில் சுமார் 77 இலட்சம் பேரின் பயன்பாடு தீங்கு தரும் நிலையை எட்டியிருக்கிறது.

இச்சிக்கலில் சாதி எங்கே வருகிறது? வசதி படைத்தவரின் மகன் தனியார் மறுவாழ்வு மையத்தில் நோயாளி ஆகிறான். சேரி இளைஞன் காவல் நிலையத்தில் குற்றவாளி ஆகிறான். சட்டம் இப்பாகுபாட்டை ஏற்கவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் படுக்கையும் மருத்துவரும் ஊருக்கு அருகில் இல்லை.

சிறை நோயைத் தீர்ப்பதில்லை, ஆபத்தைக் கூட்டுகிறது. சில வாரங்கள் போதையின்றி இருந்த உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்பவருக்கு மூச்சு அடங்கி மரணம் நேரலாம். உடனடியாகச் செலுத்தினால் அம்மூச்சை மீட்கும் மருந்து நலோக்சோன். ஏக்கத்தைத் தணித்து மனிதரை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்புவது மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் புப்ரினார்பின். இரண்டும் புதியவை அல்ல.

ஆகவே மருத்துவத் துறையிடம் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிகிச்சை, மாமல்லபுரம் முதல் செய்யூர் வரையுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நீள வேண்டும். நூற்றெட்டு ஆம்புலன்ஸ்கள் அனைத்திலும் நலோக்சோன் இருக்க வேண்டும். 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கேட்பது போலவே போதையையும் பழியின்றிக் கேட்கப் பயிற்சி பெற வேண்டும். மருந்துக் கடைகள் சீட்டின்றி இம்மாத்திரைகளை விற்கக் கூடாது. அதே வேளையில், மூட்டை சுமந்தும் செங்கல் சூளையில் வெந்தும் தேய்ந்த உடலின் வலிக்கும், புற்றுநோயாளியின் வேதனைக்கும் உரிய மருந்து மறுக்கப்படவும் கூடாது.

இம்மாவட்டத்துக்கு இது அறியாத பாடமன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்தியத் தொழுநோய் நிறுவனம் இயங்குகிறது. ஊரால் ஒதுக்கப்பட்ட அந்நோயாளிகளைப் பூட்டி வைத்ததால் நோய் குறையவில்லை. மருந்து அவர்கள் வாசலுக்குச் சென்றபோதுதான் குறைந்தது. தொழுநோயாளிக்குக் காலம் கடந்து கிடைத்த அந்த நியாயம், சேரியின் இளைஞனுக்கேனும் காலத்தில் கிடைக்க வேண்டும்.