கான்ஃபிகர் கிழவனை ஏன் திட்டுறீங்க?

ஒயின்னதும் சிரிக்காதீங்க மக்களே. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட வைக்கிற ஒயின், 1993ல ஆரம்பிச்சது. இன்னும் கான்ஃபிகர், மேக்னுதான் கட்டுறாங்க. "தூக்கிக் கடாசிட்டு மேசானுக்கு மாறணும்"னு புனே டீக்கடையில நேத்து நம்ம ஆபீஸ் நண்பர் ஒரே சத்தம்.

மேசானுக்குப் பைத்தான் வேணும். கான்ஃபிகர் ஓட ஒரு ஷெல்லும் கம்பைலரும் போதும். அது 'நீ யாரு'ன்னு கேக்காது. இந்த ஃபங்ஷன் இருக்கா, அந்த ஹெடர் இருக்கான்னு குட்டி நிரலைக் கம்பைல் பண்ணிப் பார்த்துக்கும். லினக்ஸோ, ஃப்ரீபிஎஸ்டியோ, மேக்கோ, அதுக்கு ஒண்ணுதான். ஊர்ல அப்பாவோட கடைக் கணக்கு ஒரு பழைய 32 பிட் பொட்டியில ஒயின்லதான் ஓடுது. லீவுக்குப் போறப்பல்லாம் கம்பைல் பண்ணிக் குடுக்கறது நான். அதுல இன்னொண்ணை ஏத்தணும்னாலே நாக்கு தள்ளுது.

"ரியாக்ட்ஓஎஸ் சீமேக்குக்கு மாறலையா?"ன்னார். மாறினாங்க. அது தனி இயங்குதளம், சொந்த வீடு. ஒயின் அடுத்தவன் வீட்டுல குடியிருக்கு. வீட்டுக்கு வீடு சாமான் தூக்குற கஷ்டம் நமக்குத் தெரியாதா என்ன?

எம்4 மொழியைப் படிச்சா தாவு தீருதுங்கறதை ஒத்துக்கறேன். 2024ல எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ்ல பின்வாசல் வச்சவன் வழி பண்ணிக்கிட்டதும் ஒரு எம்4 கோப்புலதான். அதுக்காகக் கத்தினா ஆச்சா? நீங்களே மாத்தி, ஃப்ரீபிஎஸ்டியிலயும் ஓட்டிக் காட்டுங்க சாமி. டீக்காசு நான் குடுக்கறேன் :)