நான்கு பருவங்களா நமக்கு?

கோடைக்காலம் ஏன் வருகிறது? “பூமி அப்போது சூரியனுக்கு அருகில் போகிறது” என்று பத்தாம் வகுப்பில் நுழைந்த புதிதில் எங்களில் பாதிப்பேர் விடை சொன்னோம். சிஸ்டர் சிரித்துவிட்டார். பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது இடைத்தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் இன்னும் 50 லட்சம் கிலோமீட்டர் விலகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் போர்வையை விட்டு எழ மனமின்றிக் கிடக்கிறோமே, ஏறக்குறைய அப்போதுதான் சூரியன் நமக்கு நெருக்கம்!

உண்மைக் காரணம், பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதே. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒளி பரந்து மங்கிப்போகிறதல்லவா? சாய்வாக விழும் வெயிலும் அப்படித்தான்.

இவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். எங்களுக்கோ மனம் ஆறவில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் கழியை நட்டு, பகல் 12.20 மணியளவில் நிழலை அளந்தோம். ஜூன் 21-இல் நிழல் தெற்கே 20 சென்டிமீட்டர். டிசம்பர் 21-இல் வடக்கே 71 சென்டிமீட்டர். நடுவில் ஆகஸ்ட் 21-இல், மேகம் சற்றே விலகிய நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், நிழலையே காணோம்!

தொப்பூரில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது: ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி மறுமுறை. அப்படியானால் நமக்கு இரண்டு கோடைகள் வர வேண்டுமே? சித்திரை வெயில் ஆவணியில் ஏன் இல்லை? சித்திரையில் காய்ந்து கொதித்த நிலம் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைக் கொண்டுவந்து குடை பிடிக்கிறது. நனைந்த மண்ணும் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே நம் பருவங்களில் பாதியைச் சாய்வு தீர்மானிக்கிறது, மீதியைக் காற்று தீர்மானிக்கிறது என்பதே எங்கள் கட்சி.

வகுப்பறைச் சுவரிலுள்ள படத்திலோ வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கே. குளிர்காலத்தில் வெண்பனி வேறு! இலண்டனில் பகற்பொழுது குளிர்காலத்தில் 8 மணி நேரம், கோடையில் 16 மணி நேரத்துக்கும் மேல். அவர்களுக்கு அந்தப் படம் பொருந்தும். நமக்கு வேறுபாடு ஒன்றரை மணி நேரங்கூட இல்லை. கணவாய்க் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பதும் குளிராலன்று, தண்ணீரில்லாமையால். அதுவும் மாசி, பங்குனியில்.

தொல்காப்பியம் ஆறு பருவங்களைச் சொல்கிறது. (முதுவேனில் ஆனியிலும் ஆடியிலும் என்பது மட்டும் எங்கள் ஊருக்கு ஒத்துவரவில்லை.) எங்களில் பலர் மழையை நம்பிய மானாவாரி நிலத்து வீட்டுப் பிள்ளைகள். ஆடிப்பட்டம் தப்பினால் வீட்டில் என்னவாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஆடிக்காற்று எதனால் வருகிறது என்று எந்தத் தேர்விலும் எங்களைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

கழியைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று சிஸ்டர்களைக் கேட்டிருக்கிறோம். ஏப்ரல் 22-இல் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் யாராவது வந்து பார்த்து எங்களுக்குச் சொல்லுங்கள்.