பணிமூப்பு பயிற்சி ஆகாது

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியை நிர்வகிக்க நெடுநாள் பணி அனுபவமும் சேவை மனப்பான்மையும் போதும், அதற்கெனத் தனிப்படிப்பு தேவையில்லை என்னும் நம்பிக்கை கல்வி அலுவலகங்கள் முதல் தொண்டு நிறுவனங்களின் அறங்காவலர் குழுக்கள் வரை வேரூன்றியிருக்கிறது. பரிவின் பெயரால் சொல்லப்படுவதால் அதை மறுத்துப் பேச எவரும் துணிவதில்லை. ஆயினும் அது குழந்தைகளின் ஆண்டுகளை வீணாக்கும் தவறான நம்பிக்கையே.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் சிறப்பாசிரியருக்கு உரிய படிப்பும் பதிவும் வேண்டுமென விதித்து, பதிவின்றிப் பணிபுரிவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் அந்த ஆசிரியரின் பணியை வட்டார அளவில் மதிப்பிட்டுக் கையெழுத்திடும் அலுவலரிடம் அத்தகைய தகுதி கேட்கப்படுவதில்லை. கற்பிப்பவருக்குக் கட்டாயமான அறிவு அவரை வழிநடத்துபவருக்கு வேண்டாததாவது எந்த நியாயம்?

இதன் விளைவு கோப்பிலேயே தெரியும். தனிநபர் கல்வித் திட்டம் என்பது ஒரு குழந்தை குறித்த காலத்திற்குள் எதைக் கற்க வேண்டும், அக்கற்றல் எவ்வாறு அளக்கப்படும் என்பவற்றை எழுதிவைக்கும் ஆவணம். அதில் 'கவனம் மேம்படும்' என்றிருந்தாலும், 'மதிய உணவின்போது கரண்டியைத் தானே பிடித்து ஐந்து வாய் உண்பான்' என்றிருந்தாலும், பயிற்சியில்லாத கண்ணுக்கு இரண்டும் நிரப்பப்பட்ட கட்டங்களே. முதல் வரியைக் கொண்டு எதையும் அளக்க முடியாது. இரண்டாவதை எழுத, அக்குழந்தையின் கைப்பிடி, விழுங்கும் திறன், அமரும் நாற்காலியின் உயரம் ஆகியவற்றை ஆசிரியர் பல நாள் உற்றுநோக்கியிருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை அறியாத மேலதிகாரி வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுகிறார். நல்ல ஆசிரியரும் நாளடைவில் கட்டங்களை நிரப்பவே பழகிவிடுகிறார்.

குன்றத்தூர், மாங்காடு, சோமங்கலம் என நகரமும் சிற்றூரும் கலந்து விரியும் பகுதியில், பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிற்கே சென்று கற்பிக்கும் வீட்டுவழிக் கல்வியைத் திட்டமிடுவது பேருந்து நேரத்தைப் பார்த்து அட்டவணை போடும் வேலை அன்று. தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கும் மேல்வகுப்புகளில் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று மத்திய அரசு 2022இல் விகிதம் வகுத்தது. எந்தக் குழந்தைக்கு எத்தனை நாள், எந்தச் சிகிச்சையாளர் என்று பகுத்துத்தர அறிந்தவர் இல்லையெனில் அவ்விகிதம் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கும்.

அன்பு போதும் என்போர் மிது அலூரின் வாழ்க்கையை எண்ணிப்பார்க்க வேண்டும். பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடலியக்கம் குன்றும் நிலை, கொண்ட மகளைப் பெற்ற அவரிடம் அன்புக்குக் குறைவிருந்திருக்காது. அப்படியிருந்தும் அவர் லண்டனில் சிறப்புக் கல்வி பயின்ற பின்னரே 1972இல் மும்பையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். தாய்க்கே தேவைப்பட்ட படிப்பு அலுவலருக்கு எப்படித் தேவையற்றதாகும்?

பயில இடமில்லை என்ற சமாதானமும் குன்றத்தூர்ப் பகுதிக்குப் பொருந்தாது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில், ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் இயங்குகிறது. இனி மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியை நிர்வகிக்கும் பொறுப்புக்கு ஆள் தேடுவோர், விண்ணப்பதாரரின் பணி ஆண்டுகளை எண்ணுமுன் அவர் எழுதிய தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.