சங்கிலியைக் காட்டாத மனநலப் படம் யாருக்கு வேண்டும்?

பனமலை:

மனநலத்தைப் பற்றிக் குறும்படம் எடுப்பது நகரங்களில் பெருகி வருகிறது. கல்லூரியில் போட்டி, கம்பெனியில் போட்டி, பரிசு, பாராட்டு! காரியம் நல்லதுதான். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ ஸ்தாபனம் மனநோயைப் பற்றித் திரைப்பட விழாவும் குறும்படப் போட்டியும் நடத்தியிருக்கிறது. ‘பைத்தியம்’ என்று கல்லெறிந்து பழகிய நாட்டில், நோயாளியை மனிதனாகத் திரையில் காட்டும் முயற்சியை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், இத்தகைய படங்கள் பலவற்றின் கதை என்ன? ஒரு வாலிபன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். மெல்லிய சங்கீதம். நண்பன் வருகிறான். “மனம் விட்டுப் பேசு” என்கிறான். வாலிபன் சிரிக்கிறான். படம் முடிந்தது!

அவனுக்கு என்ன வேலை? என்ன கூலி? யாரிடம் கடன்? அவன் குடியிருப்பது ஊரிலா, காலனியிலா? அங்கே பிறந்ததற்காக அவனை யார் எப்படி இழிவாக அழைத்தார்கள்? படம் வாய் திறப்பதில்லை.

சர்க்காரின் கணக்கே வாய் திறக்கிறது. 2021-ம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,64,033 பேர். இவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர்! இந்தச் சாவுகளுக்கெல்லாம் மனத்தின் பலவீனம்தான் காரணமா? இரவு ஷிப்டில் நூல் இழுத்துத் தூக்கம் கெட்ட உடம்பும், மல்லாட்டை பிடுங்கிவிட்டு வீடு திரும்பும்போது வாசலில் நிற்கும் குழுக்கடன் வசூல்காரனும் காரணம் இல்லையா? இவற்றை மறைத்து ‘மனம் விட்டுப் பேசு’ என்று மட்டும் சொல்லும் படம், முதலாளிக்கும் லேவாதேவிக்காரனுக்கும் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறது.

அடுத்து, சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைத்திருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. தர்காவில் நோய் தீரும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். வைத்தியம் எட்டாத ஏழைக்குச் சங்கிலிதான் வைத்தியமாயிற்று!

அது பழைய கதை என்பவர்கள் இங்கே பார்க்கட்டும். பனமலை இருக்கிற இதே விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் நுழைந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்டார்கள். துன்புறுத்தல், பாலியல் கொடுமை என்று புகார்கள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. இத்தனைக்கும் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏட்டில் உரிமை, வீட்டில் சங்கிலி! 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனக்கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை.

நம் தோழர்களில் சிலரும் கேட்கக்கூடும்: “இது பணக்காரன் வியாதி. கூலி உயர்ந்தால் தானே போய்விடும். இதற்கு எதற்குப் படமும் பேச்சும்?” தவறு, தோழர்களே! சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வேண்டும் என்றால் மனச்சிதைவுக்கும் வேண்டும். கூலி உயர்வு மருந்தாகிவிடாது, மருந்தும் கூலியாகிவிடாது. உழைப்பாளிக்கு இரண்டும் வேண்டும்.

இதைத் தம் அனுபவத்தில் கண்டவர் பிரான்ஸ் ஃபனோன் என்ற கறுப்பின டாக்டர். பிரெஞ்சு ஏகாதிபத்தியம் ஆண்ட அல்ஜீரியாவில், 1953-ல் பிளிடா நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளுக்காகப் பத்திரிகை நடத்தினார், சினிமாக் கூட்டம் நடத்தினார். ஐரோப்பியப் பெண்களிடம் இந்த முறைகள் பலித்தன. அல்ஜீரிய ஆண்களிடம் பலிக்கவில்லை. ஏன்? அவர்களுடைய பாஷையும் வாழ்க்கையும் அவற்றில் இல்லை. தவற்றைக் கண்ட ஃபனோன், அவர்களுக்குப் பழக்கமான காப்பிக் கடையையும் பண்டிகைகளையும் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார். அடிமை நாட்டில் மனிதனை முழுதாகக் குணப்படுத்த முடியாது என்று கண்டு, 1956-ல் ராஜினாமா செய்து விடுதலைப் போரில் சேர்ந்தார்.

நமக்குப் பாடம் இதுதான்: பார்ப்பவனின் வாழ்க்கை படத்தில் இருக்க வேண்டும். 1968-ல் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட கீழவெண்மணியைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் 2005-ல் ‘ராமையாவின் குடிசை’ எடுத்தார். பல ஆண்டுகள் நெஞ்சில் சுமந்ததை அந்த ஊர் ஜனங்கள் காமிராவுக்கு முன் பேசினார்கள். துக்கம் சாட்சியமாயிற்று.

பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலில் 1,300 ஆண்டுகளுக்கு முந்திய தேவியின் சித்திரம் இருக்கிறது. கல் சுமந்தவனின் முகத்தை எழுதிவைக்க அன்று யாருமில்லை. இன்று அவன் சந்ததியின் கையில் செல்போன் இருக்கிறது. அதுவே காமிரா!

பத்து நிமிஷப் படம் போதும். நோயாளி சம்மதிக்காமல் அவர் முகத்தைக் காட்டாதீர்கள். அவரை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். மில் விடுதியிலிருந்து பேச்சடங்கித் திரும்பிய பெண்ணின் கதையை, அவள் இசைந்தால், அவளே சொல்லட்டும். சங்க ஆபீசிலும் காலனித் தெருவிலும் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேசுங்கள். யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பேச்சோடு கலையக் கூடாது. கோரிக்கையோடு கிளம்ப வேண்டும்:

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநோய்க்கு மருந்து வை!

கிராமத்துக்கு மனநல டாக்டரை அனுப்பு!

அனுமதியற்ற காப்பகங்களை மூடு! அங்கிருப்போருக்குச் சர்க்கார் பராமரிப்புக் கொடு!

இரவு ஷிப்டுக் கொடுமையையும் கடன் வசூல் அட்டூழியத்தையும் நிறுத்து!

இந்தக் குரல் ஒலிக்கும் படமே நம் படம்.