தலையெழுத்தும் சுவடிக் கயிறும்

"இவன் பிறந்த குடி இன்னது, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பார் நம்மிடையே இன்றும் உளர். முன்னர் இதனைத் தலையெழுத்து என்றனர். இந்நாளில் மரபணு என்கின்றனர். பெயர் மாறிற்றேயன்றிப் பிழை மாறவில்லை என்பது நம் துணிபு.

திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய காலத்தில் நூல்கள் பனையேட்டிலே வாழ்ந்தன. கயிற்றை அவிழ்த்தாலன்றிச் சுவடியைப் படித்தல் இயலாது. நம் உயிரணுவின் நிலையும் அதுவே. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றி, கண்ணுக்குப் புலனாகாத உட்கருவினுள் அடங்கிக் கிடக்கிறது. இக்கட்டுக்குக் குரோமாட்டின் என்று பெயர். அதன் முடிச்சுப் போன்ற எச்5 என்னும் ஹிஸ்டோனின் நடுப்பகுதி வடிவத்தை 1993-இல் வெளியிட்டோருள் முதல்வர், சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஆவார்.

இக்கட்டை நெகிழ்த்தும் நொதிகள் உள. அவை ஏ.டி.பி. என்னும் ஆற்றற் பொருளைச் செலவிட்டு ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்தும். சிலபோது அகற்றவும் செய்யும். அப்பொழுதே மரபெழுத்து ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும்.

சான்று தென்காசியைச் சூழ்ந்த பனங்காட்டிலேயே உண்டு. சுண்ணாம்பிடாத கலயத்திற் பனஞ்சாற்றைப் புளிக்கச் செய்வதில் தலைமையானது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அச்சாற்றின் சர்க்கரையைப் பிளக்கும் நொதிக்குரிய மரபணு ஈஸ்டில் உளது. எனினும் எஸ்.என்.எப். என்னும் மரபணுக்கள் சில பழுதுற்றால், அவ்வெழுத்து அழியாதிருந்தும் செவ்வனே படிக்கப்படுவதில்லை என்று 1980-களில் ஆய்வாளர் கண்டனர். ஏடு உண்டு, அவிழ்க்கும் கை இல்லை! மனிதரிடத்தும் இந்நொதிக் கூட்டத்தின் பழுது, புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற் காணப்படுகிறது.

"அவிழ்க்கும் கையும் அச்சுவடியில் எழுதப்பட்டதன்றோ?" எனின், ஆம். ஆயினும் அது எப்பொழுது அவிழ்க்கும் என்பது புறநிலையையும் பொறுத்தது. குளுக்கோசு நிரம்பக் கிடைக்குங்கால் ஈஸ்ட் அவ்வேட்டைப் பெரும்பாலும் மூடியே வைக்கும். அது குறையுங்கால் திறக்கும்.

ஈஸ்டைக் கொண்டு மாந்தரை அளத்தல் நம் கருத்தன்று. எழுத்தே இல்லை என்பதும் அன்று. ஓரணு உயிரின் வாழ்வையே எழுத்து மட்டும் முடிவு செய்யாதாயின், பள்ளி வாயிலில் நிற்கும் சிறுவனைப் பிறப்பொன்றால் தீர்ப்பிடுதல் எவ்வாறு பொருந்தும்? கட்டவிழாச் சுவடியை வெற்றேடு என்று எறிதல் அறிவுடையார் செயலன்று. அவிழ்த்துப் படிக்க முந்துவோமாக!